பல்லிழந்தார்க்கு ஒரு பற்றுக்கோடு

கல்லூரி விழா மலரிலே தமிழின் பெருமையையோ, சமயத்தின் மேன்மையையோ, ஆசிரியப் பெருந்தகையாரின் அருந்தொண்டினையோ எடுத்துரைத்தல் மரபு. அம்மரபின் நடுவே கட்டுப்பல்லைப் பற்றி எழுதப் புகுந்த எம்மைக் கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும், அதுவே எமது கட்டுரைக்குத் தோற்றுவாயாகுக. நகை என்னும் சொல்லுக்குத் தமிழிலே சிரிப்பு என்பதும் பொருள். பல் என்பதும் பொருள். இரண்டிற்கும் ஒரே பெயரிட்டு வழங்கிய நம் முன்னோர், பல்லிழந்த வாய் சிரிக்கக் கூசும் என்பதை நன்கறிந்திருந்தனர் போலும்.

சிரிப்பு மட்டுமன்று, சொல்லும் பல்லைச் சார்ந்ததே. 'பல் போனால் சொல் போச்சு' என்பது வேடிக்கைக்காக எழுந்த பழமொழியன்று. தகார நகாரங்கள் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்துதலாலும், வகாரம் பல்லும் இதழும் இயைதலாலும் பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலிலே வகுத்துரைத்தார். பல்லற்ற வாயிலே 'தந்தை' என்னும் சொல்லும் தளரும். 'வணக்கம்' என்னும் சொல்லும் வழுவும். காமன் கூத்திலே முன்னின்று பாடிய பெரியவர், பற்கள் உதிர்ந்த பின்னர் கூட்டத்தின் பின்வரிசைக்குச் சென்றுவிடுவதை நம் மலைநாட்டிலே காணாதார் யார்? குரல் இருக்கிறது, பாட்டும் நினைவில் இருக்கிறது, சொல் மட்டும் நிற்க மறுக்கிறது.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை எனக் கிழக்கே சென்றாலும், தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என மேற்கும் தெற்குமாகச் சென்றாலும், தோட்டத்து லயங்களிலே இத்தகைய முதியோரைக் காண்கிறோம். முப்பது, நாற்பது ஆண்டுகள் மலையேறிக் கொழுந்து பறித்தும், கவ்வாத்து வெட்டியும் இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்கள் இவர்கள். இவர்களுட் பலர் இன்று ரொட்டியைத் தேநீரில் நனைத்து விழுங்குகின்றனர். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று பிள்ளைகளுக்குக் கூறிய வாய்கள், நொறுக்குதற்குக் கருவியின்றி நிற்கின்றன.

இவர்கள் பல்லை இழந்தது எவ்வாறு? முதுமை வந்தால் பல் விழும் என்பது பலரின் எண்ணம். அஃது உண்மையன்று. பற்சூத்தையும் ஈறு நோயுமே பெரும்பாலான பற்களைக் கொள்ளை கொள்வன. இரண்டும் தடுக்கக் கூடியவை. ஆயின், நோவு கண்ட பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் வைத்தியரிடம் பலமுறை செல்லல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாட் பேர் போய்விடும். பிடுங்கிவிடுதற்கோ ஒரு நாள் போதும். அன்றாடக் கூலியிலே வாழ்வோர் எதனைத் தெரிவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அறியாமையே இதற்குக் காரணம் எனக் கற்றோர் சிலர் பேசுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் கணக்கறியாமற் பல்லை இழக்கவில்லை. கணக்குப் பார்த்தே இழந்தனர்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகிலே இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரும், அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 23 பேரும் பற்கள் முழுவதையும் இழந்தவர்கள். நான்கு முதியோரில் ஏறக்குறைய ஒருவர் என்பது சிறு தொகையன்று.

பல்லிழந்தார்க்குக் கட்டுப்பல் உண்டே எனக் கூறலாம். 'பல்லுச் செட்டு' என மக்கள் வழங்கும் இதனைப் பதுளை நகரிலே பணம் கொடுத்துச் செய்வித்துக் கொண்டோர் பலர். ஆனால் அதனை நாள்தோறும் அணிவோர் எத்தனை பேர்? மேற்பல்லை அணிந்து, கீழ்ப்பல்லைப் பெட்டியில் இட்டு வைப்போர் பலர். கலியாண வீட்டுக்கும் படம் பிடிக்கும் வேளைக்கும் மட்டும் அணிந்து, சாப்பாடு வந்தவுடன் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்து கொள்வோரும் உளர். உண்ணுதற்கென்று செய்த பல்லை உண்ணும்போது கழற்றி வைக்க நேர்கின்ற இவ்விந்தைக்குக் காரணம் யாது?

மேற்கட்டுப்பல் அகன்ற அண்ணம் முழுவதையும் தழுவி நிற்பது. அண்ணத்துக்கும் அதற்கும் இடையே உமிழ்நீர் மெல்லிய படலமாகப் பரவி, ஈரக் கண்ணாடித் தட்டுகள் இரண்டு ஒட்டிக் கொள்வதுபோல் அதனைப் பிடித்துக் கொள்ளும். கீழ்த்தாடையிலோ நடுவே நா இருக்கின்றது. கட்டுப்பல் குதிரை லாடம் போன்ற ஒடுங்கிய வரம்பின்மீதே அமர வேண்டியிருக்கிறது, பரப்பும் குறைவு. உள்ளிருந்து நா தள்ளும். வெளியிலிருந்து கன்னமும் இதழும் தள்ளும். கீழிருந்து வாயின் அடித்தசைகள் உயர்த்தும். இவ்வளவுக்கும் நடுவே அது நிலைத்து நிற்பதாயின் அணிவோரின் பழக்கமும் திறமையுமே காரணம். புதிதாக அணிவோர்க்கும், உமிழ்நீர் குறைந்த முதியோர்க்கும் அத்திறமை எளிதிற் கைகூடுவதில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பல்லைத் தாங்கிய எலும்பு, பல் போன பின்னர் தானும் கரையத் தொடங்குகின்றது. மரம் பெயர்க்கப்பட்ட மலைச்சரிவு மழைதோறும் கரைவதை நாம் ஊவாவிலே கண்கூடாகக் காண்கிறோம். தாடையிலும் நடப்பது அதுவே. முதலாண்டிலே மிக விரைவாகவும், பின்னர் மெல்லமெல்ல வாழ்நாள் முழுவதும் இக்கரைவு தொடரும். 25 ஆண்டுக் காலத்தை உள்ளடக்கி 1972 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, கட்டுப்பல் அணிவோரிடத்தே மேல்தாடையினும் கீழ்த்தாடையின் முன்வரம்பு ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகக் கரைகின்றது எனக் காட்டிற்று. ஐம்பது வயதிற் செய்த பல் அறுபது வயதிற் பொருந்தாது போவது பல் செய்தவரின் குற்றமன்று; அணிந்தவரின் குற்றமுமன்று. நிலமே நழுவிவிட்டது, மேல் நின்ற வீடு என் செய்யும்?

இவ்விடரை நீக்க வழி காட்டியவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பேர்-இங்வார் பிரோனமார்க். 1950களின் தொடக்கத்திலே, எலும்பினுள் நிகழும் குருதியோட்டத்தை ஆராயும் பொருட்டு முயலின் எலும்பிலே தைற்றேனியம் என்னும் உலோகத்தாலான கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதனைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. பிறர் இடையூறெனக் கருதி விட்டிருக்கக் கூடியதை அவர் வாய்ப்பெனக் கண்டார். 1965 ஆம் ஆண்டு முதன்முறையாக மனிதர் ஒருவரின் தாடையிலே தைற்றேனியத் திருகாணிகளைப் பதித்துப் பல் பொருத்தினார். நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கிய மருத்துவ உலகம், 1982 ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்த மாநாட்டின் பின்னரே அம்முறையைப் பரவலாக ஏற்றுக் கொண்டது. 'இம்பிளான்ற்' என இன்று வைத்தியர் கூறுவதும், உள்வைப்பு எனத் தமிழில் நாம் கூறுவதும் இதனையே.

உள்வைப்பு என்றவுடன், பல்லொன்றுக்கு ஒன்றாக இருபத்தெட்டுத் திருகாணிகள் வேண்டும் போலும் என அஞ்ச வேண்டுவதில்லை. கீழ்த்தாடையின் இருபுறத்தும் நரம்பு வெளிப்படும் துவாரங்களுக்கு இடைப்பட்ட முன்பகுதியிலே, பிற இடங்கள் கரைந்த பின்னரும் எலும்பு பெரும்பாலும் எஞ்சி நிற்கும். முன்பு கோரைப் பற்கள் இருந்த இரண்டிடங்களிலே, இடத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் பருமனும் 10 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட திருகாணிகள் இரண்டு பதிக்கப்படுகின்றன. விறைப்பு ஊசி ஏற்றிச் செய்யக்கூடிய சிறு சிகிச்சையே இது. இரண்டு மூன்று மாதங்களில் எலும்பு அவற்றைப் பற்றிக் கொள்ளும். பின்னர் அவற்றின்மேற் சிறு குமிழ்கள் பொருத்தி, கட்டுப்பல்லின் அடியிலே அக்குமிழ்களுக்கு ஏற்ற கிண்ணங்களை அமைப்பர். சட்டைக்கு வைக்கும் அழுத்துப் பொத்தான் போலக் கட்டுப்பல் 'டக்' என்று பொருந்தும். அணிந்தவரே கழற்றிக் கழுவி மீண்டும் மாட்டிக் கொள்வார்.

ஈண்டு இரு சொற்களை வேறுபடுத்தி அறிதல் நன்று. கட்டுப்பல் மேலெழாமற் காப்பது பிடிப்பு. கடிக்கும்போது கீழமிழாமற் காப்பது தாங்கல். இரண்டு உள்வைப்புகள் பிடிப்பை நன்கு தரும். தாங்கலிற் பெரும்பகுதியை, சிறப்பாகக் கடைவாய்ப் பக்கத்திலே, ஈறும் அதன் கீழுள்ள எலும்புமே சுமக்கும். நான்கு உள்வைப்புகள் அமைத்து அவற்றைச் சட்டமொன்றால் இணைத்தால் தாங்கலும் பெருகும், செலவும் பெருகும். ஆகவே உள்வைப்பு வைத்துவிட்டோம் என்று கட்டுப்பல்லை ஏனோதானோ எனச் செய்தல் பிழை. அதன் அடி ஈற்றோடு நன்கு பொருந்த வேண்டும். எலும்பு கரையுந்தோறும் அடியைப் புதுக்கிக் கொள்ளவும் வேண்டும். மேல்தாடையின் எலும்பு மென்மையானது. அங்கே பொதுவாக நான்கு உள்வைப்புகளாவது வேண்டப்படும். மேற்கட்டுப்பல் இயல்பாகவே ஓரளவு நிற்பதாகலின், முதற்கவனம் கீழ்த்தாடைக்கே உரியது.

2002 ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரிலே மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர், பற்களை முற்றும் இழந்த கீழ்த்தாடைக்கு இரண்டு உள்வைப்புகள் பற்றிய கட்டுப்பல்லே முதற்றெரிவாதல் வேண்டும் என உரைத்தனர். 2009 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோர்க் நகரிலிருந்து வெளியான அறிக்கையும் அக்கருத்தையே வலியுறுத்திற்று. கீழ்த்தாடையின் முன்பகுதியிற் பதித்த உள்வைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை ஐந்தாண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மெல்லுதல் எளிதாகும்; பேச்சுத் தெளியும்; நாலு பேர் நடுவே பல் கழன்று விழுமோ என்னும் அச்சம் நீங்கும்; உள்வைப்பைச் சூழ்ந்த எலும்பின் கரைவும் குறையும். உண்ணும் உணவின் சத்து இதனால் தானாகவே உயரும் என நாம் கூறவில்லை. கடிக்க வல்ல பல் கிடைத்தாலும், பழைய பழக்கத்தாலே மென்மையானவற்றையே நாடுவோர் உளர். கீரையும் கடலையும் காயும் தட்டுக்கு வருதல் வேறு முயற்சி.

'வயிற்றுக்கே போதாத தோட்டத்து மக்களுக்கு இத்தகைய ஆடம்பரம் எதற்கு?' என்னும் வினா எழும். கற்றவர் வாயிலிருந்தே இவ்வினாவை நாம் கேட்டதுண்டு. கண்ணிலே புரை வளர்ந்த முதியவளுக்குச் செயற்கை வில்லை வைத்தலை எவரும் இன்று ஆடம்பரம் என்பதில்லை. அது பதுளையிலும் அரசாங்க வைத்தியசாலையின் கடமையாகவே கொள்ளப்படுகின்றது. காண்பதற்கு உரிய உரிமை உண்பதற்கும் பேசுவதற்கும் இல்லையா? மேலும், உள்வைப்பு யாருக்கு மிகுதியும் வேண்டும்? இளமையிலேயே பல்லிழந்து, எலும்பு மிகக் கரைந்து, சாதாரணக் கட்டுப்பல் நிற்க மறுக்கும் வாய்க்கே அது மிகுதியும் வேண்டும். அத்தகைய வாய்கள் நகரத்துச் செல்வர் வீட்டிலா, லயத்திலா மிகுந்துள்ளன? தேவை ஓரிடத்தும் கிடைத்தல் வேறோரிடத்துமாக இருப்பதே இன்றைய நிலை.

எமது கருத்தின் உயிர்நிலை இதுவே. இந்நாட்டின் இலவச வைத்திய சேவை உலகம் போற்றும் ஒன்று. அச்சேவை நோவுற்ற பல்லை இலவசமாகப் பிடுங்கித் தருகின்றது. ஆனால் பிடுங்கிய இடத்திலே பல் வைத்தல் எல்லா அரசாங்கப் பல் வைத்திய நிலையங்களிலும் கிடைப்பதன்று. பெரும்பாலார்க்கு அது தத்தம் பணப்பையைப் பொறுத்ததாகி விடுகின்றது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 ஆம் ஆண்டு 1000 ரூபாவாகவும், 2024 ஆம் ஆண்டு 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பெற்றது. அதன்மேல் இன்னும் சிறிது உயரினும், தனியாரிடம் ஓர் உள்வைப்புக்கு ஆகும் செலவு பல மாதக் கூலிக்கு ஈடாகும். எடுப்பதைப் பொதுக் கடமையாகவும் கொடுப்பதைத் தனியார் செலவாகவும் வைத்திருக்கும் முறை நீதியாகாது.

மறுப்புகளுட் சில தக்கவையே. அவற்றை மறைத்தல் முறையன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் தோட்டங்களிலே வேரூன்றியது. புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது என 1985 ஆம் ஆண்டும், புகையிலை கலவாத வெற்றிலைபாக்கும் அத்தகையதே என 2004 ஆம் ஆண்டும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிலையம் வெளியிட்டது. பாக்கினால் வாயின் உட்சவ்வு நாராக இறுகி, வாய் திறக்கவே இயலாத நிலை வருதலும் உண்டு. அத்தகையோர்க்கு உள்வைப்புப் பதித்தல் அரிது. புகைத்தலும், கட்டுக்கடங்கா நீரிழிவும் உள்வைப்பின் வெற்றியைக் குறைப்பன. ஆயின் இவையெல்லாம் வைத்தியர் தெரிந்தெடுத்துச் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணமாகுமேயன்றி, ஒருவர்க்குமே செய்யலாகாது என்பதற்குக் காரணமாகா. பல் வைக்கும் ஆசையால் வருபவரின் வாயை முழுதும் சோதித்தல், புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டு கொள்ளுதற்கும் வாய்ப்பாகும்.

பராமரிப்பு மற்றொன்று. குமிழைக் கவ்வும் கிண்ணத்தினுள்ளே இருக்கும் நைலோன் வளையம் தேயும். காலந்தோறும் மாற்றல் வேண்டும். உள்வைப்பைச் சூழ அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கி எலும்பும் அழியும். ஆதலின் ஒருநாள் முகாம் அமைத்து, மாலை சூட்டி, படம் பிடித்து, உள்வைப்புப் பதித்துச் செல்லும் கொடையை நாம் விரும்பவில்லை. வளையம் மாற்ற ஆளில்லாத ஊரிலே அது மூன்றாண்டிற் பயனற்றுப் போகும். ஆறு மாதத்துக்கொரு முறை பார்க்க ஆளும், ஆள் இருக்க இடமும் அமைத்த பின்னரே முதல் உள்வைப்பு வைக்கப்படல் வேண்டும்.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, உள்ள பல்லைக் காத்தல். மகரகமையிற் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் சேவை தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவர்க்கும் தவறாது எட்டுதல் வேண்டும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்ற முன்னோர் வாக்குக்குப் புளோரைட்டுப் பற்பசையும் துணையாகட்டும். இரண்டாவது, நன்கு பொருந்திய சாதாரணக் கட்டுப்பல் பதுளையிலே ஏழைகட்கு இலவசமாகக் கிடைத்தல். மூன்றாவது, அதுவும் நில்லாதார்க்குக் கீழ்த்தாடையில் இரண்டு உள்வைப்புகள். நடுவே ஒன்று மட்டும் பதித்தவர்க்கும் இரண்டு பதித்தவர்க்கும் மனநிறைவில் ஐந்தாண்டுகளிலே பெரிய வேறுபாடில்லை எனக் கனடாவில் நிகழ்ந்த ஆய்வொன்று 2015 ஆம் ஆண்டு தெரிவித்தது. செலவு குறைந்த இவ்வழியும் நம் வைத்தியரின் ஆராய்ச்சிக்கு உரியது.

இந்நாட்டின் பல் மருத்துவக் கல்வி 1943 ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு மாறியது. பேராதனையிலும் கொழும்பிலும் பெரிய பல் வைத்தியசாலைகள் உள. ஆயின் லுணுகலைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து முதியவள் ஒருத்தி பேராதனைக்குச் சென்று வருதல் ஒருநாட் காரியமன்று. துணைக்கு ஒருவர் செல்ல வேண்டும். அவருடைய பேரும் போகும். ஆகவே நோயாளி மலையிறங்கிச் செல்வதினும், வல்லுநர் குறித்த நாளிலே பதுளைக்கு வருதலே சிறந்தது. சொல்லும் அறிவுரை அவர்கட்கு விளங்கும் தமிழிலேயே சொல்லப்படுதலும் சிகிச்சையின் ஒரு கூறென்றே நாம் கொள்கிறோம். எவ்வாறு கழற்றுவது, எவ்வாறு துலக்குவது, எப்போது திரும்பி வருவது என்பவை விளங்காத நோயாளியிடம் கொடுத்த உள்வைப்பு, பூட்டைக் கொடுத்துத் திறப்பைக் கொடாதது போலாம்.

பழைய மாணவரே! உங்களுள் தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வந்து படித்து, இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் உயர்ந்த நிலையில் இருப்போர் பலர். உங்கள் கல்விக்குக் கூலியிற் மிச்சம் பிடித்தவர்கள் தம் பல்லுக்குச் செலவிட்டிலர். ஆண்டுக்குப் பத்துப் பேராயினும் சரி, வைத்தியர் தெரிந்து தரும் முதியோர்க்கு உள்வைப்பும், போக்குவரத்தும், இழந்த நாட்கூலியும், பின்னைய பராமரிப்பும் கொடுக்கும் நிலையான நிதியொன்றை வைத்தியசாலையோடு இணைந்து நிறுவுதல் உங்களுக்கு இயலாததன்று. அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்பீராயின், செய்து காட்டிய ஒன்றைக் கேட்டுப் பெறுதல் எளிது என்பதே எமது விடை. நிதியும் வேண்டும், ஊவா மாகாண சபையிடமும் சுகாதார அமைச்சிடமும் விடாது கேட்கும் வாயும் வேண்டும்.

மாணவரே! விஞ்ஞானப் பிரிவிற் பயில்வோர் பொது வைத்தியத்தை மட்டுமே நாடுதல் வழக்கமாயிற்று. பல் மருத்துவமும், பல் தொழினுட்பமும் நம் மலைக்கு வேண்டிய கலைகளே. தோட்டத்து மொழியறிந்த பல் வைத்தியர் ஒருவர் பதுளைக்கு வந்தால் அவரால் நிமிரும் தலைகள் பல. ஆசிரியப் பெருமக்களே! பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்தும் நீவிர், அவர்தம் பல்லையும் ஒருகால் நோக்குவீராக.

கல்லூரி தந்த கல்வி நமக்குச் சொல்லைத் தந்தது. அச்சொல்லை நமக்கு முதலிற் பழக்கிய தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியும் சொல்லிழந்து இருக்க, நாம் மேடையேறிப் பேசுதல் அழகன்று. அவர்கள் வாய்விட்டு நகைக்கும் நாளே எமது விழாவின் நிறைவு நாள்.